குதிரையை நீந்த விடுமுன்: குளம், டேம், கடல் மூன்றிலும் கவனிக்க வேண்டியவை

நீந்தும்போது குதிரையின் கால்கள் உடல் எடையைச் சுமப்பதில்லை. தசைநாண் அடிபட்டுத் தேறிவரும் ரேஸ் குதிரையையும், குளிர்காலத்தில் காய்ந்து இறுகிய தரையில் ஓடி மூட்டு வீங்கிய குதிரையையும் தண்ணீருக்குக் கொண்டுபோவது இதனால்தான். ஜூலை முதல் சனிக்கிழமை டர்பனின் கிரேவில் மைதானத்தில் நடக்கும் பெரிய குதிரைப் பந்தயம் நெருங்கும்போது காலுக்கு ஓய்வும் வேண்டும், மூச்சுத் திடமும் குறையக் கூடாது. நீச்சல் இரண்டையும் ஓரளவு தரும்.

கால் இளைப்பாறும் அந்த நேரத்தில் நுரையீரலும் இதயமும் முதுகும் கடுமையாக உழைக்கின்றன. நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும் இதயத் துடிப்பு, நீந்தத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே 150-ஐத் தாண்டலாம். பயந்த குதிரைக்கு 200-ஐத் தொடும். தண்ணீர் மார்பையும் வயிற்றையும் அழுத்துவதால் மூச்சு சட்டென்று உள்ளே போய், சிறிது அடைபட்டு, நீண்ட முனகலோடு வெளியே வரும். தலையைத் தூக்கி, முதுகைக் கீழே வளைத்து, பின்னங்காலால் உதைத்துத்தான் குதிரை நீந்தும். “தண்ணீர்தானே, காலுக்கு ஒன்றும் ஆகாது” என்று நினைத்து இதை மறந்துவிடுவதில்தான் பெரும்பாலான தொல்லை தொடங்குகிறது.

இறக்கவே கூடாத குதிரைகள்

கழுத்தில் மூச்சுக்குழாய்த் துளை போட்ட குதிரையை எந்த ஆழத்திலும் நீந்த விடக் கூடாது. துளை நீர்மட்டத்துக்குக் கீழே போன அந்த நொடியே நுரையீரலுக்குள் தண்ணீர் போய்விடும். துளை மூடிவிட்டது என்று யார் சொன்னாலும், மருத்துவர் பார்த்து உறுதி செய்யும்வரை வேண்டாம். மூச்சிரைப்புச் சத்தத்துக்காகக் குரல்வளையில் அறுவை செய்த குதிரைக்கும் ஏறக்குறைய இதே கதிதான். அதன் குரல்வளை முன்போல இறுக மூடாததால் ஒரு வாய்த் தண்ணீர்கூட நுரையீரலுக்குப் போகும்.

ஓட்டத்துக்குப் பின் மூக்கில் ரத்தம் வந்த குதிரையை ரேஸ்காரர்கள் ‘ப்ளீடர்’ என்பார்கள். நுரையீரலின் நுண்குழாய்கள் அழுத்தம் தாங்காமல் கசிவதால் வருவது அது. நீச்சலிலும் அந்த அழுத்தம் உண்டு. காலுக்கு நல்லது என்று ப்ளீடரை நீந்த விடுவது, ஒரு காயத்தை ஆற்ற இன்னொன்றைக் கிளறுவது.

முதுகு, இடுப்பு மூட்டு, பின்முழங்கால் இவற்றில் வலி உள்ள குதிரைக்கும் நீச்சல் பொருந்தாது. உதைப்பின் விசை முழுவதும் அங்கேதான் விழுகிறது. தசைநாண் கிழிந்த புதிதிலும் வேண்டாம். எடை இல்லாவிட்டாலும் தண்ணீரை எதிர்த்துக் கால் வேகமாக நீண்டு மடங்கும். வீக்கமும் சூடும் அடங்கி, ஸ்கேனில் இழை சேரத் தொடங்கியதைப் பார்த்து மருத்துவர் நாள் சொல்லட்டும். ஆறாத தையல், படை, பேதி உள்ள குதிரை குளத்துக்கு வந்தால் தனக்கும் கேடு, பின்னால் வரும் குதிரைகளுக்கும் கேடு.

எங்கள் தென்னாப்பிரிக்காவில் இன்னும் இரண்டு. உண்ணி கடித்து வரும் பிலியரிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்திருக்கும். தேறியதாகத் தெரிந்தாலும் உழைப்புத் தாங்காது. ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்குத் தடுப்பூசி போட்ட குதிரைக்கு மருத்துவர் சொல்லும் ஓய்வு நாட்கள் நீச்சலுக்கும் சேர்த்துத்தான். எப்படியும் தண்ணீருக்குப் போகும் ஒவ்வொரு நாளும் காலையில் வெப்பநிலை பாருங்கள். 38.5 டிகிரியைத் தாண்டினால் அன்றைக்கு லாயத்திலேயே இருக்கட்டும்.

மயக்க ஊசி போட்ட குதிரையை நீந்த வைக்கக் கூடாது. முரட்டுக் குதிரையை அடக்க இப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தலை தொங்கினால் மூக்கு தண்ணீருக்குள் போகும் என்பது நினைவிருக்கட்டும்.

குளத்தில் முதலில் பார்க்க வேண்டியது சாய்தளம்

ஆழத்தில் நேரும் விபத்தைவிட இறங்கும்போதும் ஏறும்போதும் நேர்வதே அதிகம். இறங்கும் குதிரை தரை முடியும் இடத்தில் திகைத்து, எட்டித் தாவி, தலையோடு முங்கும். ஏறும் குதிரை களைத்த காலோடு அவசரப்பட்டு வழுக்கி முழங்காலில் விழும். ஆகவே சாய்தளம் நீளமாகவும் மெல்லிய சரிவாகவும் இருக்க வேண்டும். வரிவரியாக மேடு வைத்த ரப்பர் விரிப்பு தண்ணீருக்குள்ளும் தொடர வேண்டும். குதிரையின் கால் தரையை விடும் இடம்வரை அது போயிருக்கிறதா என்று கம்பை விட்டுத் தடவிப் பாருங்கள். பாசி பிடித்த ரப்பர் வெறும் சிமென்ட்டைவிட மோசம். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். பக்கச் சுவரில் கூர்முனையோ துருத்திய ஆணியோ இருக்கக் கூடாது.

நீந்தும் பகுதியின் ஆழம் ஏறக்குறைய 3 மீட்டர் இருந்தால் பெரிய குதிரையின் குளம்பும் அடியைத் தொடாது. தொட்டும் தொடாமலும் உள்ள ஆழம்தான் கெட்டது. அங்கே குதிரை நீந்தாமல் குதிக்கும், குளம்பு நுனி அடிபடும். புதுக்குதிரைக்கு ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும் நேர்க்குளம் நல்லது. வெளியேறும் வழி அதன் கண்ணுக்கு நேராகத் தெரியும். வட்டக் குளத்தில் பழகிய குதிரையை ஒரு நாள் வலச்சுற்று, மறுநாள் இடச்சுற்று என்று மாற்றுங்கள். ஒரே பக்கம் சுற்றினால் கழுத்தும் முதுகும் ஒரு புறமாக இறுகும்.

தண்ணீர் நிர்வாகம் மனிதர்களின் குளம் மாதிரியேதான், ஆனால் அழுக்கு பல மடங்கு. பி.எச். 7.2 முதல் 7.6 வரை, குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். வரை இருக்கட்டும். வியர்வையும் சாணமும் குளோரினைத் தின்றுவிடும், ஆகவே காலையில் பார்த்த அளவை நம்பி மாலையில் குதிரையை இறக்காதீர்கள். லோட்ஷெடிங் வந்து பம்ப் நின்ற நாட்களில் வடிகட்டலும் நின்றிருக்கும். மின்சாரம் வந்ததும் அளந்துவிட்டு அப்புறம்தான் குதிரை. சாணத்தை அள்ள நீளக் கம்பு வலை கரையிலேயே இருக்க வேண்டும்.

மின்கசிவை யாரும் நினைப்பதில்லை. நாம் உணராத அளவு கசிவே குதிரையைத் துடிக்க வைக்கும். பழகிய குதிரை காரணமில்லாமல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெருண்டால், குணம் கெட்டுவிட்டது என்று அடிக்காமல் பம்பையும் நீரடி விளக்கையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். 30 மில்லி ஆம்பியரில் விழும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் இல்லாத குளத்தில் குதிரை இறங்கக் கூடாது.

கயிறும் ஆட்களும்

ஒரு குதிரைக்கு இரண்டு ஆட்கள். ஒருவர் தனியாகப் பிடிப்பது வழக்கமாக நடக்கிறது. வழக்கம் என்பதால் அது சரியாகிவிடாது. ஹால்டர் நைலானில் இருக்கட்டும், தோல் நனைந்தால் நீண்டு தளர்ந்துவிடும். இரு கன்ன வளையத்திலும் தனித்தனிக் கயிறு, ஒவ்வொன்றும் 5 அல்லது 6 மீட்டர். வட்டக் குளத்தில் ஒருவர் நடுத்திட்டிலும் மற்றவர் வெளிக்கரையிலும், குதிரையின் தலைக்குச் சற்று முன்னால் நடக்க வேண்டும். பின்தங்கினால் கயிறு தலையைப் பக்கவாட்டில் திருப்பும். தலை திரும்பினால் உடல் சாயும்.

இழுப்பின் திசைதான் எல்லாம். முன்னோக்கியும் சற்று மேல்நோக்கியும் இருக்க வேண்டும். கீழ்நோக்கி ஒரு வெட்டு இழுத்தால் போதும், மூக்கு முங்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. வளைய வளையமாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டால் தேவைப்படும்போது விடலாம். கையுறை, ஹெல்மெட், வழுக்காத செருப்பு, இடுப்பில் ஒரு கத்தி. குதிரை பிடிப்பவருக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்க வேண்டும். பலருக்குத் தெரியாது, கேட்காவிட்டால் சொல்லவும் மாட்டார்கள். அவர்களுக்கு மிதவைச் சட்டை கட்டாயம்.

கட்டளை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். லாயத்தில் ஸூலு, ஆங்கிலம், தமிழ் எல்லாம் கலந்து ஒலிக்கும், அவசரத்தில் ஆளுக்கொரு பாஷையில் கத்தினால் குதிரைக்கும் புரியாது, கயிறு பிடித்தவருக்கும் புரியாது. “யிமா” என்றால் நிறுத்து என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காலில் பேண்டேஜ் வேண்டாம். நனைந்த துணி ஒன்று நழுவிக் காலைச் சுற்றும், அல்லது காயும்போது இறுகித் தசைநாணை அழுத்தும். லாடம் இருக்கலாம்; ஆணி தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சேணம், மார்ப்பட்டை, தலையைக் கீழே கட்டும் எந்த வாரும் கூடாது.

முதல் வாரம்

தீனி போட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பத்து நிமிடம் நடத்தி, சிறுநீர் கழிக்க விட்டு, நெஞ்சிலும் கால்களிலும் குழாய்த் தண்ணீர் பட்டபின் கொண்டுபோங்கள். முதல் நாள் சாய்தளத்தில் முழங்கால்வரை இறக்கி, நிறுத்தி, ஏற்றினால் போதும். இரண்டாம் நாள் வயிறுவரை. தண்ணீருக்குப் பழகிய சாதுவான குதிரை ஒன்று முன்னால் இறங்கினால் பாதி வேலை முடிந்தது. சாட்டையும் விளக்குமாறும் கொண்டு பின்னாலிருந்து தள்ளினால் குதிரை உள்ளே போகும், உண்மைதான், தாவித்தான் போகும்.

முதல் நீச்சல் ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். அரைச் சுற்று அல்லது ஒரு சுற்று. அடுத்தடுத்து 30 விநாடி, ஒரு நிமிடம் என்று கூட்டி, மூன்று வாரத்தில் 4 அல்லது 5 நிமிடத்துக்கு வரலாம். அதற்கு மேல் வேண்டுமானால் இடையில் ஏற்றி நடத்தி, மூச்சு தணிந்தபின் மறுபடி இறக்குங்கள். வெளியே வந்த பத்து நிமிடத்தில் துடிப்பு 60 அளவுக்கு இறங்க வேண்டும். 15 நிமிடம் ஆகியும் இறங்காவிட்டால் அந்தக் குதிரைக்கு அன்று அதிகமாகிவிட்டது, அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள். நின்றதும் உடனே துடிப்பு வேகமாக விழும் என்பதால், சாய்தளத்தில் பார்த்த எண்ணை மட்டும் வைத்துத் திருப்திப்பட வேண்டாம்.

தண்ணீரில் இருக்கும்போது பார்க்க வேண்டியது பின்புறம். பிட்டம் நீர்மட்டத்தை ஒட்டியிருக்கும்வரை சரி. பிட்டம் தாழ்ந்து உடல் செங்குத்தாகத் தொடங்கினால் களைத்துவிட்டது. கண் வெள்ளை தெரிவது, முன்னங்கால் தண்ணீருக்கு மேலே வந்து அடிப்பது, முனகல் நின்று மூச்சு குட்டையாவது, நாசியில் நுரை அல்லது குமிழ் எழுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சுற்றை முடிக்கக் காத்திராமல் அருகிலுள்ள சாய்தளத்துக்குத் திருப்புங்கள்.

பக்கவாட்டில் புரண்டுவிட்டால்

இருவரும் கயிற்றைச் சமமாக, மேல்நோக்கி இறுக்கி மூக்கை மட்டும் வெளியே வையுங்கள். உடலைத் தூக்கப் பார்க்காதீர்கள். மூக்கு காற்றில் இருந்தால் பெரும்பாலான குதிரைகள் இரண்டு மூன்று உதையில் தாமாக நேராகும். யாரும் தண்ணீரில் குதிக்கக் கூடாது. துடிக்கும் குதிரையின் முன்னங்கால் வீச்சுக்குள் போனவரைக் காப்பாற்ற இன்னொருவர் வேண்டியிருக்கும். சாய்தளத்துக்கு மிதத்தி வந்தபின் வெளியே இழுக்க வேண்டுமானால், முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அகலப் பட்டை போடுங்கள். பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டு இதற்கு நன்றாக உதவும், கரையில் ஒன்று கிடக்கட்டும். கழுத்தில் கயிறு போட்டு வண்டியில் கட்டி இழுப்பது குதிரையைக் கொன்றுவிடும்.

தண்ணீர் குடித்து முங்கி எழுந்த குதிரை எழுந்து நின்று புல் மேய்ந்தாலும் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நுரையீரலுக்குள் போன அழுக்குத் தண்ணீர் ஓரிரு நாள் கழித்துத்தான் நிமோனியாவாகத் தெரியும். மூன்று நாள் காலையும் மாலையும் வெப்பநிலை எழுதி வையுங்கள். இருமல், தீனி மறுப்பு, மூக்கில் நாற்றமுள்ள சளி, ஓய்வில் இருக்கும்போதே விலா ஏறி இறங்குவது, இவை வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

பண்ணை டேம்

குளம் இல்லாத இடத்தில், பண்ணையில் தண்ணீர் தேக்கி வைக்கும் டேம்தான் கைக்கு எட்டும். அதன் அடித்தரையை ஒருவர் கம்போடு நடந்து பார்க்காமல் குதிரையை இறக்கக் கூடாது. சேற்றில் கால் புதைந்த குதிரை திமிறத் திமிற இன்னும் இறங்கும். வறட்சியில் கட்டிய வேலி மழைக்குப் பின் முள்கம்பியோடு தண்ணீருக்கடியில் கிடக்கும். பிளாஸ்டிக் விரித்த டேமுக்குக் கிட்டேயே போகக் கூடாது: இறங்கிய குதிரைக்கு ஏற வழியே இல்லை, அந்த விரிப்பில் குளம்பு பிடிக்காது. அப்படிப்பட்ட டேமுக்கு வேலி போடுவது நீச்சலைவிட முக்கியம்.

கோடையில் தண்ணீர்மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் தெரிந்தால் அது நச்சுப் பாசியாக இருக்கலாம்; ஹார்ட்பீஸ்பூர்ட் டேம் இதற்குப் பேர்போனது. நீந்தும் குதிரை நாலு வாய் குடிக்காமல் இருக்காது. குவாசுலு-நட்டால் மாகாணத்தின் தாழ்நில ஆறுகளிலும் டேம்களிலும் தோல்வழியே உடலுக்குள் புகும் பில்ஹார்சியா ஒட்டுண்ணி உண்டு, அது குதிரையைவிடக் கயிறு பிடித்து இடுப்பளவு தண்ணீரில் நிற்பவருக்குத்தான் ஆபத்து. வடக்கே ஜோசினி, செயின்ட் லூசியா பக்கம் முதலையும் நீர்யானையும் இருப்பதால் அங்கே நீச்சல் என்ற பேச்சே வேண்டாம்.

நேரத்தையும் பாருங்கள். ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்பும் நுண்கொசு ஈரமான இடத்தில் பெருகி, அந்தி முதல் விடியல்வரை கடிக்கும். மழைக்காலக் கடைசியில், பிப்ரவரி முதல் மே வரை, முதல் உறைபனி விழும்வரை தொல்லை அதிகம். வெயிலுக்குப் பயந்து பொழுது சாயும் நேரத்தில் டேமுக்குக் கொண்டுபோவது அந்தக் கொசுவுக்கு விருந்து வைப்பது. காலை ஒன்பது மணிக்குமேல் போங்கள்.

கடல்

கடலில் குதிரைக்கு வேண்டியது பெரும்பாலும் நடைதான். முழங்கை மட்டம் தண்ணீரில் நிற்கும் குதிரையின் கால்மேல் எடை 10 முதல் 15 சதவீதம்தான் குறையும்; இடுப்பெலும்பு மட்டத்துக்கு வந்தால் 75 சதவீதம் அளவுக்குக் குறையும். மெல்லக் கூட்டிக்கொண்டு போக இது வசதி, நீச்சலின் மூச்சழுத்தமும் இல்லை. முழங்கால் ஆழத்தில் 10 நிமிட நடையே நல்ல உழைப்பு. மென்மணலில் மட்டும் தசைநாண் இழுபடும், ஈரம் இறுகிய மணலாகப் பாருங்கள்.

டர்பனில் சுறா வலை 1952-இலிருந்து இருக்கிறது. அது கரையை அடைக்கும் சுவர் அல்ல. மேலேயும் பக்கத்திலும் சுறா வரலாம். குளிர்காலத்தில் சார்டின் மீன் கூட்டம் வரும்போது வலையை எடுத்துவிடுவார்கள். மழைக்குப் பின் ஆற்றுமுகம் கலங்கினால் சுறாவும் வரும், சாக்கடையும் வரும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் கழிவுநீர் நிலையங்கள் பழுதாகி, இ.கோலி கிருமியால் கடற்கரைகள் மூடிக் கிடந்தன. தண்ணீர் தெளியும்வரை காத்திருங்கள். குளிக்கும் கடற்கரைகளில் விலங்குகளுக்குத் தடை இருக்கும், நகராட்சியிடம் அனுமதி கேட்டபின் வண்டியைக் கிளப்புங்கள்.

அலை உடையாத, கலங்கலான, கடலை நோக்கி ஓடும் பட்டை ஒன்று தெரிந்தால் அது இழுநீரோட்டம். பார்க்க அமைதியாக இருப்பதால் குதிரையை அங்கேதான் இறக்கத் தோன்றும். மாட்டிக்கொண்டால் கரைக்கு இணையாக நீந்த விட்டு, பின் கரைக்குத் திருப்புங்கள். கேப் டவுனின் அட்லாண்டிக் பக்கம் கோடையிலும் தண்ணீர் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரிதான், அந்தக் குளிரில் தசை விறைக்கலாம். ப்ளூபாட்டில் என்னும் கொட்டும் கடலுயிரி கரையொதுங்கிக் கிடக்கும் நாளில் திரும்பி வந்துவிடுங்கள்.

மேலே ஆள் இருந்தால், கால் தரையை விட்டதும் அவர் பக்கவாட்டில் வழுக்கி இறங்கி, பிடரியைப் பிடித்து உடலை நீட்டி மிதக்க வேண்டும். லகானில் தொங்கினால் குதிரையின் தலை சாயும். அவர் கையில் லகான் தளர்ந்து இருக்கட்டும், காலில் சிக்கும் அளவுக்கு நீளமாக அல்ல. கரையில் நிற்பவர் கையில் போன் இருக்க வேண்டும், அவசரத்துக்கு 112. சில கடற்கரைகளில் கம்பத்தில் தொங்கும் இளஞ்சிவப்பு மிதவை மனிதருக்கானது. அது எங்கே இருக்கிறது என்று இறங்குமுன் பார்த்து வையுங்கள்.

ஏறிய பிறகு

உப்பையும் குளோரினையும் நல்ல தண்ணீரில் கழுவி, தண்ணீரை வழித்தெடுத்து, மூச்சு அடங்கும்வரை நடத்துங்கள். குளம்புக்கு மேலுள்ள மடிப்பைத் துணியால் ஒற்றிக் காயவைக்க வேண்டும், அங்கே ஈரம் தங்கினால் வெடிப்பும் சீழும் வரும். குளம்படியைக் கிளறி மணலை எடுங்கள். தினமும் ஊறும் குளம்பு மெத்தென்றாகி லாடம் தளரும், அதனால் வாரத்துக்கு மூன்று நான்கு நாளுக்கு மேல் நீச்சல் வேண்டாம். கடலுக்குப் போகுமுன் லாயத்திலேயே வயிறு நிறையத் தண்ணீர் காட்டினால் உப்புத் தண்ணீரைக் குடித்துப் பேதி வருவது குறையும். மூக்கில் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும் அடுத்த நீச்சலை நிறுத்தி, எண்டோஸ்கோப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் நீந்திய குதிரை மூச்சில் திடமாக, மேனி பளபளக்க இருக்கும். எலும்பு அப்படி இருக்காது. தரையின் அதிர்வு பட்டால்தான் எலும்பு உறுதிப்படும், தண்ணீரில் அந்த அதிர்வு கிடையாது. அதனால் நீச்சலை நிறுத்திய மறுவாரமே காலப்பில் (முழுவேக ஓட்டத்தில்) விட்டால், மூச்சு தாங்கும், முன்னங்கால் எலும்பில் கீறல் விழும். நீச்சல் நடக்கும்போதே, மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து தரையில் நடையைச் சேர்த்து, பின் 5 நிமிட ட்ராட் (மெல்லோட்டம்), வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, ட்ராட்டில் ஒரு மாதம் ஓடிக் கால் சூடேறாமல் இருந்த பிறகுதான் கேன்டர் (நடுவேக ஓட்டம்).